சமிக்ஞையாளருக்கு இனி என்ன வேலை? வலையமைப்புக் காலத்துப் படைத்துறைத் தொடர்பாடலும் தீவகக் கடலும்

கணினிகளும் செய்மதிகளும் ராடார்களும் மனிதக் கை படாமலே தரவைப் பரிமாறிக்கொள்ளும் இன்றைய நிலையில், படைகளில் செய்தித் தொடர்புக்கென்றே பயிற்றப்பட்டவர்களுக்கு இனி என்ன வேலை எஞ்சியிருக்கிறது? இந்தக் கேள்விக்கு வயது குறைந்தது நூற்றெழுபது ஆண்டு. கம்பித் தந்தி வந்தபோதும் வானொலி வந்தபோதும் செய்மதி வந்தபோதும் இது கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிலர் அந்தத் தொழில் மறையும் என்றார்கள்; சிலர் அது வேறு தொழிலாக மாறும் என்றார்கள். இணையவழி வலையமைப்பு அந்த விவாதத்தை மீண்டும் கிளப்பியிருப்பதோடு, முன்பில்லாத சில பதில்களையும் சேர்த்திருக்கிறது.

இந்தப் பதில்கள் பெரும்பாலும் வல்லரசுகளின் அனுபவத்திலிருந்து வந்தவை. அவற்றைச் சோதித்துப் பார்க்கச் சிறிய இடம் ஒன்று உதவும். வேலணையின் சாட்டிக் கரையிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு, கச்சதீவு வரை நீளும் கடற்பரப்பு அத்தகைய இடம். ஒரு நாட்டின் கடற்படை, இரு நாடுகளின் மீனவர்கள், 1974ஆம் 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வரைந்த கடலெல்லை, அயல் வல்லரசுகளின் அக்கறை எல்லாம் சில பத்துக் கிலோமீற்றர்களுக்குள் நெருங்கி நிற்கின்றன. இக்கட்டுரை நான்கு முக்கிய நிலைப்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் வரிசைப்படுத்திவிட்டு, தீவகக் கடலில் அவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று ஆராய்கிறது.

கேள்வியின் முன்வரலாறு

நெடுந்தீவு மருத்துவமனையின் அருகே பழைய புறாக்கூடு ஒன்று நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் செய்தி அனுப்ப அது பயன்பட்டதென்று ஊர்வழக்குச் சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தருக்குத் தீவுகளைக் கண்காணிப்பதும் கோட்டைகளுக்கிடையே செய்தி கடத்துவதும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகவே இருந்தன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீருக்குள் நிற்கும் கடற்கோட்டையின் இருப்பிடமே அதற்குச் சான்று. அந்தக் காலத்தில் செய்தி அனுப்புதல் தனித் தொழிலாக இருக்கவில்லை. கொடி, தீ, படகு, பறவை எதுவானாலும் காவல் வேலையின் பகுதியாகவே அது நடந்தது.

மின்தந்திதான் அதைத் தனித் தொழிலாக்கியது. 1855இல் கிரைமியப் போரின்போது கருங்கடலின் அடியில் வார்னாவிலிருந்து பலக்லாவா வரை கம்பி இடப்பட்டதும் பாரிஸிலும் லண்டனிலும் இருந்த ஆட்சியாளர் களத்துத் தளபதியோடு நேரே பேச முடிந்தது. பிரெஞ்சுத் தளபதி பெலிசியே இந்த வசதியைச் சாபமாகவே கருதினார். தொலைவிலிருந்து வரும் ஓயாத கட்டளைகள் தம் கையைக் கட்டுவதாக அவர் முறையிட்டார். தொடர்பு எளிதானால் அதிகாரம் யாரிடம் சேரும் என்ற வாதத்தின் தொடக்கம் அது.

அடுத்த நூறாண்டில் தனிப் படையணிகள் எழுந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1860இலும், பிரித்தானிய இந்தியாவில் 1911இலும், பிரித்தானியாவில் 1920இலும் சமிக்ஞைப் படைகள் உருவாயின. இலங்கைச் சமிக்ஞைப் படையணியின் வேர் 1943இல், இலங்கைப் பாதுகாப்புப் படையின் அங்கமாகத் தொடங்கிய அணியில் இருக்கிறது. அது போர் நம் கடலுக்கு வந்திருந்த காலம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலியில் எச்சரிக்கை அனுப்பியது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது அது ஓரளவாவது தயாராக இருந்ததற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம். அதே போரில், எதிரியின் வானொலியை ஒட்டுக்கேட்கும் பிரித்தானிய நிலையமும் கொழும்பில் இயங்கியது.

ஆக, சமிக்ஞையாளரின் மரபுவழிப் பணியை நான்காகப் பிரிக்கலாம்: சாதனத்தை இயக்குதல், செய்தியை மறைகுறியாக்குதல், அலைவரிசைகளைத் திட்டமிட்டுப் பங்கிடுதல், எதிரி கேட்பதைத் தடுப்பதோடு எதிரியைக் கேட்டல். முதலிரண்டையும் இன்று பெரும்பாலும் இயந்திரமே செய்துவிடுகிறது. மற்ற இரண்டும் என்ன ஆகும் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

முதல் நிலைப்பாடு: தொழில் மறையும்

இந்நிலைப்பாட்டின் நேரடிச் சான்று பதவிப் பெயர்களின் மறைவு. பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரியில் மோர்ஸ் சேவையை முடித்துக்கொண்டது. 1999 பெப்ரவரி 1ஆம் திகதி உலகக் கடல்சார் ஆபத்து, பாதுகாப்பு முறைமை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரி என்ற தனிப்பதவி தேவையற்றுப் போனது. அமெரிக்கக் கடற்படை அதே ஆண்டு வானொலியாளர் பிரிவைத் தகவல் முறைமைத் தொழில்நுட்பர் பிரிவாக மாற்றியது. கொடியாலும் விளக்காலும் பேசிய சமிக்ஞையாளர் பிரிவை 2003இல் கலைத்தது. இந்தியாவில் 2013 ஜூலையில் பொதுமக்களுக்கான தந்திச் சேவையே நின்றது.

இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்கள் அமெரிக்க அட்மிரல் ஆதர் செப்ரோவ்ஸ்கியும் ஜோன் கார்ஸ்ட்காவும். 1998இல் அவர்கள் எழுதிய கட்டுரை, போர்வலிமை இனித் தனித்தனிக் கப்பல்களிலோ டாங்கிகளிலோ இல்லை, அவற்றை இணைக்கும் வலையமைப்பில் இருக்கிறது என்று வாதிட்டது. உணர்கருவி, ஆயுதம், முடிவெடுப்பவர் ஆகிய மூன்றும் நேராக இணைந்துவிட்டால் நடுவில் செய்தி ஏந்துபவர் எதற்கு? ஒவ்வொரு சிப்பாயும் தானே தொடர்பாளர் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பரவியது.

இந்த வாதம் கண்ட மாற்றம் உண்மையானது. ஆனால் சாதனத்தை இயக்குவது எளிதாகும்போது, அந்தச் சாதனங்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பு சிக்கலாகிறது என்பதை அது குறைத்து மதிப்பிடுகிறது. மறைகுறித் திறவுகோல்களை உரிய நேரத்தில் மாற்றவும், ஒரே அலைக்கற்றைக்குப் போட்டியிடும் பல கருவிகளுக்கு இடம் ஒதுக்கவும், பழுதின் மூலத்தைக் கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டியே இருக்கிறது. இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் மார்ட்டின் வான் கிரெவெல்ட் 1985இலேயே வேறொரு குறையைச் சுட்டினார்: தகவல் பெருகினால் ஐயம் தீரும் என்பது வரலாற்றில் உறுதிப்படவில்லை, தகவலுக்கான வேட்கைதான் அதோடு சேர்ந்து பெருகியது. அவ்வாறானால் ஆட்குறைப்பு என்பது வேலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்ததன் தோற்றமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நிலைப்பாடு: இணையக் காவலராக மாறுவார்

தொழில் மறையவில்லை, உருமாறுகிறது என்பது இரண்டாவது பதில். வலையமைப்பே போர்க்களமாகிவிட்டதால், அதை அமைப்பவரே அதைக் காப்பவராகவும் வேண்டுமானால் எதிரியின் வலையமைப்பைத் தாக்குபவராகவும் ஆகிறார் என்பது இதன் சாரம்.

இந்தக் களத்தின் ஆரம்பகால நிகழ்வுகளில் ஒன்று நம் வரலாற்றோடு தொடர்புடையது. 1990களின் பிற்பகுதியில் இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சல் பெட்டிகள் ஆயிரக்கணக்கான அஞ்சல்களால் நிரப்பப்பட்டு முடக்கப்பட்டன. இணையக் கரும்புலிகள் என்ற பெயரில் அதற்கு உரிமை கோரப்பட்டது. ஓர் ஆயுதக்குழு ஒரு நாட்டின் கணினி முறைமைமீது நடத்திய முதல் தாக்குதலாக அமெரிக்க உளவு வட்டாரங்கள் அதைக் குறித்தன. 2007இல் இன்டெல்சற் நிறுவனம், தனது செய்மதி ஒன்றை விடுதலைப் புலிகள் அனுமதியின்றி ஒளிபரப்புக்குப் பயன்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டியது. வலையமைப்பைத் தாக்குவதும் அதில் ஒட்டிக்கொள்வதும் அரசுப் படைகளுக்கு மட்டுமே கைவரும் கலை என்ற எண்ணம் அப்போதே உடைந்துவிட்டது.

அரசுகள் பிந்தித்தான் அமைப்புகளை உருவாக்கின. அமெரிக்கத் தரைப்படை 2014 செப்டெம்பரில் இணையப் போருக்கெனத் தனிக் கிளையைச் சமிக்ஞைப் படையிலிருந்து வேறாக நிறுவியது. இந்தியா முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு இணைய முகமையை ஏற்படுத்தியது. சீனா 2015 இறுதியில் விண்வெளி, இணையம், மின்னணுப் போர் ஆகியவற்றை ஒரே உத்திசார் ஆதரவுப் படைக்குள் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் அதையே கலைத்து, தகவல் ஆதரவுக்கும் இணையவெளிக்கும் விண்வெளிக்கும் தனித்தனி அணிகள் அமைத்தது. இலங்கையில் கணினி அவசர பதிலளிப்பு அணி 2006இல் தொடங்கியபோது அது குடிசார் நிறுவனமாகவே இருந்தது.

எட்டே ஆண்டில் சீனா தன் அமைப்பைத் திரும்பப் பிரித்தது இந்நிலைப்பாட்டின் முதல் பலவீனத்தைக் காட்டுகிறது: தொடர்பைப் பேணுவதும் இணையப் போர் செய்வதும் ஒரே தொழிலா என்பது இன்னும் தீராத கேள்வி. ஒன்று நிலைத்தன்மையை நாடுகிறது. மற்றது எதிரியின் நிலைத்தன்மையைக் குலைக்கத் தேடுகிறது. இரண்டாவது பலவீனம் ஆட்களைப் பற்றியது. வலையமைப்புப் பாதுகாப்பில் தேர்ந்தவருக்குத் தனியார் நிறுவனமும் வெளிநாடும் தரும் ஊதியத்தைப் படை தர இயலாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப்பின் படித்த இளைஞர் பெருமளவில் வெளியேறிய இலங்கையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மூன்றாவதாக, கணினித் திரைக்குமுன் வளரும் தலைமுறை, அன்டெனாவை எங்கே நிறுத்துவது என்ற பழைய அறிவை இழக்கக்கூடும். அடுத்த நிலைப்பாடு அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: பழைய கலை மீளும்

வலையமைப்பு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுக்கு அது அறுபடும் தருணமும் ஆபத்தாகிறது. ஆகவே அறுந்தபின்னும் செய்தியைக் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர், தன் இருப்பை அலைவெளியில் மறைக்கத் தெரிந்தவர் மீண்டும் முக்கியமாகிறார் என்பது மூன்றாம் பதில்.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் 2002இல் அமெரிக்கா நடத்திய 'மில்லேனியம் சலஞ்' போர்ப்பயிற்சி. எதிரிப் படையாக நடித்த ஓய்வுபெற்ற தளபதி போல் வான் ரைப்பர், மோட்டார்சைக்கிள் தூதர்களையும் விளக்குச் சமிக்ஞைகளையும் கொண்டு ஒட்டுக்கேட்பைத் தவிர்த்து, உயர்தொழில்நுட்பக் கப்பற்படையொன்றைப் பயிற்சியளவில் மூழ்கடித்தார். உக்ரேன் போர் அதை மெய்க்களத்தில் காட்டியது. 2023 புத்தாண்டு நாளில் மக்கீவ்காவில் தன் வீரர்கள் பெருந்தொகையாக இறந்ததற்கு அவர்கள் கைத்தொலைபேசி பயன்படுத்தியதே காரணமென்று ரஷ்யா கூறியது. இரு தரப்பும் கம்பித் தொலைபேசிகளுக்குத் திரும்பிய இடங்கள் உண்டு. அலைத்தடையைத் தாண்ட, நீளமான கண்ணாடியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் 2024 முதல் பரவின. ஒன்றரை நூற்றாண்டுக்குமுன் தந்திக் கம்பி செய்த வேலையை அந்த இழை வான்வழியே செய்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகொப்டர்களில் இறங்கியபோது, புலிகள் இந்திய வானொலித் தொடர்பை முன்பே ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்று இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிரிவு ஏறக்குறைய முழுதாக அழிந்தது. பெரிய படையொன்றின் நவீனக் கருவிகள், காப்பற்ற பேச்சு ஒன்றினால் அதற்கே எதிராகத் திரும்பிய நிகழ்வு அது.

மறுபக்கத்தைக் காட்டுவது கொக்காவில். 1990 ஜூலையில் அங்கிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்த இராணுவ முகாம் முற்றுகையிடப்பட்டது. முகாமுக்கும் தலைமையகத்துக்கும் இடையே வானொலித் தொடர்பு இறுதிவரை இருந்தும் உதவிப்படை வந்து சேரவில்லை; முகாம் வீழ்ந்தது. அந்த இடத்தில் 174 மீற்றர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரம் 2011இல் திறக்கப்பட்டது. தொடர்பு நிலைத்திருந்தால் போர் வெல்லப்படும் என்ற நம்பிக்கைக்கு கொக்காவில் கடுமையான திருத்தம்.

இந்நிலைப்பாட்டின் வலிமை அனுபவம். அதன் பலவீனமும் அதுவே: தனித்த நிகழ்வுகளிலிருந்து பொதுவிதி காண அது முற்படுகிறது. வான் ரைப்பர் வென்ற பயிற்சி இடையில் நிறுத்தப்பட்டு, விதிகள் மாற்றப்பட்டு மீளத் தொடங்கியது. ஆதலால் அதன் முடிவை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகப் படிக்கின்றன. உக்ரேனிலும் கம்பியும் தூதரும் வலையமைப்போடு சேர்ந்தே இயங்குகிறார்கள். அதன் இடத்தை அவர்கள் பிடித்துவிடவில்லை. தவிர, பழைய திறன்களையும் புதியவற்றையும் ஒரே ஆளுக்குப் பயிற்றுவிக்கும் செலவை ஏற்கச் சிறிய படைகளால் முடியுமா என்பதற்கு இவ்வாதத்தில் பதில் இல்லை.

நான்காம் நிலைப்பாடு: படைக்கு வெளியே போகும்

நான்காவது பதில் அண்மைக்காலத்தது. சமிக்ஞையாளரின் வேலை இயந்திரத்துக்கோ இணையப் படைக்கோ போகவில்லை, நிறுவனங்களுக்குப் போகிறது என்கிறது அது.

2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படையெடுப்புத் தொடங்கியபோது வியாசற் நிறுவனத்தின் செய்மதி வலையமைப்புத் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கான மொடெம்கள் செயலிழந்தன. அந்த இடைவெளியை நிரப்பியது ஸ்டார்லிங்க். ஒரு நாட்டின் முன்னரங்கத் தொடர்பு ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவுகளில் தங்கியிருக்கும் நிலை அதனால் உருவானது. எந்தப் பரப்பில் சேவை இயங்கும் என்பதே சர்ச்சையானது. 2024 செப்டெம்பரில் லெபனானில் பேஜர்களும் வோக்கிடோக்கிகளும் வெடித்த சம்பவம், கருவி வாங்கும் இடமே தாக்கப்படும் இடமாகலாம் என்று காட்டியது.

நம் பிராந்தியத்தில் இதன் வடிவம் வேறு. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் படைகளுக்கான கண்ணாடியிழை வலையமைப்பை அமைக்கும் பொறுப்பை ஏற்றது. கடற்படைக்கென்று ருக்மிணி எனப்படும் ஜிசற் 7 செய்மதி 2013 ஆகஸ்டில் ஏவப்பட்டது. சொந்தச் செய்மதி இல்லாத இலங்கைக் கடற்படைக்கு அத்தகைய தெரிவு இல்லை. இந்தியாவின் 60 இலட்சம் டொலர் நன்கொடையில், பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் மூலம் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் கொழும்புக் கடற்படைத் தலைமையகத்தில் நிறுவப்பட்டு 2024 ஜூனில் திறக்கப்பட்டது. அம்பாந்தோட்டையில் துணை நிலையமும், காலி, அறுகம்பே, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லறாவ, பருத்தித்துறை, முள்ளிக்குளம் ஆகிய இடங்களில் ஆளில்லா நிலையங்களும் அதன் அங்கங்கள். ஸ்டார்லிங்க் சேவையும் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது.

தீவகத்தில் இந்தச் சார்பின் அரசியல் ஏற்கெனவே ஒருமுறை வெளிப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டபோது, தமிழ்நாட்டுக் கரைக்கு அருகே என்ற காரணத்தால் இந்தியா எதிர்த்தது. திட்டம் நின்றது, பின்னர் இந்திய நன்கொடையில் 2024இல் வேறு ஒப்பந்தம் ஆனது. சூரியத் தகடும் காற்றாடியும் இத்தனை ஐயத்தைக் கிளப்பினால், தொடர்பாடல் கருவி கிளப்பும் ஐயம் குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

வெளிச்சார்பு உண்மை என்பதில் இந்நிலைப்பாட்டோடு முரண்பட இடமில்லை. ஆனால் நிறுவனம் சேவையைத் தருமே தவிர, பொறுப்பை ஏற்காது. எந்தச் செய்தியை நம்புவது, கருவி மௌனமானால் அடுத்து எந்த வழி, ஒப்பந்தக்காரர் எதைக் காணலாம் எதைக் காணக்கூடாது என்று முடிவுசெய்ய, கருவியை விற்றவரைவிட அதை நன்கு அறிந்த ஒருவர் படைக்குள் வேண்டும். அந்த அறிவு வாங்கக் கிடைப்பதில்லை.

தீவகக் கடலில்: யாரை வலை காண்கிறது?

நான்கு நிலைப்பாடுகளும் பெரும்பாலும் இரு படைகள் மோதும் போரை மனத்தில் வைத்தவை. தீவகக் கடலில் இன்று கடற்படைத் தொடர்பாளரின் அன்றாட வேலை வேறு. காரைநகர்த் தளத்திலும் நெடுந்தீவிலும் கடமையிலிருப்பவர் திரையில் காண்பது பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளையே. தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் எல்லை தாண்டுவதும் கைதுகளும் இக்கடலின் முதன்மைப் பிரச்சினை. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர் கைதாயினர்.

வலையமைப்பு இங்கே எல்லோரையும் சமமாகக் காண்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை விதித்தபின், ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டு விசைப்படகுகளில் இருவழிச் செய்தி வசதியுள்ள இஸ்ரோவின் கருவிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து போகும் கண்ணாடியிழைப் படகுகளும் வள்ளங்களும் அன்றாடம் கரை திரும்புபவை. இந்த ஏற்பாடுகள் அவற்றுக்கானவை அல்ல. அந்த மீனவரின் தொடர்பாடல் கருவி பெரும்பாலும் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசியே. ஆகவே திரையில் புள்ளி இல்லை என்பதால் கடலில் ஆள் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அந்த இடைவெளியை அறிந்து திரையைப் படிப்பவரே இங்கு நிபுணர்.

இரண்டாவது மாற்றம் பதிவு சார்ந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி கடற்படைக் கலமும் இந்தியப் படகும் மோதியதில் ஒரு மீனவர் இறந்தார். 2025 ஜனவரி 28ஆம் திகதி நெடுந்தீவுக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இந்திய மீனவர் காயமடைந்தனர். இந்தியா இலங்கைத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. இத்தகைய நிகழ்வுகளில் படகு எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது, எச்சரிக்கை எப்போது விடப்பட்டது, எந்த மொழியில் விடப்பட்டது என்பவை முதற்கேள்விகளாகின்றன. விடை இருக்குமிடம் ராடார்ப் பதிவும் வானொலிப் பதிவும். செய்தியை அனுப்பிவிட்டு மறந்துவிடலாம் என்றிருந்த தொழில், நீதிமன்றமும் அயல்நாடும் கேட்கக்கூடிய சான்றைப் பேணும் தொழிலாகவும் மாறுகிறது. நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் இந்தப் பணியைக் கணக்கில் எடுக்கவில்லை. அதே படையினரின் நடத்தை பற்றிய சான்றை அவர்களே வைத்திருக்கும் ஏற்பாடு போதுமானதா என்பது இதோடு எழும் அடுத்த கேள்வி.

மொழியும் நம்பிக்கையும்

கடலில் ஆபத்து அழைப்பு விடும் தீவக மீனவர் தமிழில் பேசுவார். எல்லைக்கு அப்பாலிருந்து வருபவரும் தமிழில்தான் பேசுவார். அவ்வழைப்பைக் கேட்கும் படையோ மிகப்பெரும்பாலும் சிங்களவரைக் கொண்டது. தமிழ் அரசகரும மொழியாகி மூன்றரைத் தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆனால் சட்டத்தின் மொழி வானொலி இருக்கைவரை சென்று சேர்வது தானாக நடப்பதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு முன்னேறுகிறது. காற்றும் இயந்திர இரைச்சலும் கலந்த குரலில், வட்டார வழக்கில், பதற்றத்தில் சொல்லப்படும் நாலு சொல்லை அது பிழையின்றிப் பிடிக்கும் என்று இப்போதைக்கு உறுதியாகக் கூற முடியாது. மொழியறிந்த மனிதரின் தேவை இக்கடலில் எளிதில் மறையாது என்பது இதனால் பெறப்படும் நியாயமான ஊகம்.

மொழிக்கு அப்பால் நம்பிக்கையும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்த படுகொலையை மறக்காத மக்கள் வாழும் தீவுகள் இவை. அந்தக் கொலைகளைச் செய்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சொன்னார்கள். 1990களின் தொடக்கம் முதல் படைகளின் பிடியில் இருந்த நிலப்பரப்பும் இது. எனவே புதிய கோபுரமோ ராடாரோ எழும்போது, அது ஆபத்தில் உதவுமா தம்மைக் கண்காணிக்குமா என்ற கேள்வி மக்களிடம் எழுவது இயல்பு. தொழில்நுட்பரீதியில் இரண்டுக்கும் ஒரே கருவி போதும் என்பதால், கருவியை மட்டும் பார்த்து அதற்கு விடை காண முடியாது.

இதோடு காணியும் சேர்கிறது. மேலே சொன்ன ஆளில்லா நிலையங்களில் ஒன்று அமையும் முள்ளிக்குளம், கடற்படை வைத்திருக்கும் தம் காணியைக் கேட்டு மக்கள் 2017இல் தொடர் போராட்டம் நடத்திய ஊர். கண்காணிப்பும் தொடர்பும் ஆளில்லாமல் நடக்கக்கூடும் என்றால், அவற்றின் பெயரால் வைத்திருக்கும் விரிந்த முகாம்களுக்கான நியாயம் குறைகிறது என்று வாதிட இடமுண்டு. எதிர்வாதமும் உண்டு: ஆளில்லா நிலையத்துக்குக் காவல் வேண்டும், கருவி பெறுமதியானது, ஆகவே சுற்றுவட்டப் பாதுகாப்பு இன்னும் இறுகலாம். எது நடக்கும் என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு துணிந்து சொல்லலாம். செய்தியைக் கையால் அனுப்பும் தொழில் முடிந்துவிட்டது. முதல் நிலைப்பாடு அவ்வளவில் சரி. வலையமைப்பைக் காப்பது படையின் மையப் பணியாகிவிட்டது. இரண்டாவது அவ்வளவில் சரி. தொடர்பு அறுந்தபின் இயங்கவும் அலைவெளியில் மறையவும் தெரிந்திருப்பதன் பெறுமதி ஏறியிருக்கிறது. இந்தப் புள்ளியில் மூன்றாவதின் சான்றுகள் மற்றவற்றைவிட வலுவாக இருக்கின்றன. வெளி நிறுவனங்களிலும் வெளிநாடுகளிலும் சார்ந்திருப்பது சிறிய நாடுகளுக்குத் தவிர்க்க முடியாதது. நான்காவது நிலைப்பாடு இலங்கைக்கு மற்றெதனையும்விட நெருக்கமானது.

நான்கும் தவறவிடும் ஒன்றைத் தீவகக் கடல் காட்டுகிறது. போரில்லாக் காலத்தில், குடிமக்கள் நடமாடும் கடலில், சமிக்ஞையாளரின் முதன்மைப் பணி தீர்ப்புச் சொல்வதாகிறது: திரையில் இல்லாத படகை ஊகிப்பது, குரலின் மொழியை விளங்குவது, பதிவை மாற்றாமல் பேணுவது, கருவி சொல்வதை எப்போது நம்பக்கூடாது என்று அறிவது. அனுப்பும் கைகள் குறைகின்றன. எஞ்சியிருக்கும் ஒவ்வொருவரின் பொறுப்பும் கூடுகிறது.

திறந்திருக்கும் கேள்விகள் குறைந்தது மூன்று. தொடர்பைப் பேணுபவரையும் இணையப் போர் செய்பவரையும் ஒரே அணியில் வைப்பதா பிரிப்பதா என்பதற்குப் பெரிய படைகளிடமே நிலையான விடை இல்லை. நன்கொடையாக வந்த வலையமைப்பில் திரளும் தரவின்மீது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உள்ள உரிமைகளின் எல்லை பொதுவெளியில் போதுமான அளவு விவாதிக்கப்படவில்லை. கடற்பதிவுகளைப் படைக்கு வெளியே சுயாதீனமாகச் சரிபார்க்கும் வழி எது என்பதும் தீரவில்லை.

2023 ஜனவரியில் அறிவித்தபடி இலங்கை அரசு 2030க்குள் இராணுவத்தின் ஆட்தொகையை ஒரு இலட்சமாகக் குறைக்க முனைகிறது. அது தரைப்படைக்கான கணக்கு என்றாலும், ஆட்களுக்குப் பதில் கருவி என்ற வாதம் அங்கேயே நின்றுவிடாது. எந்த நிலையம் ஆளில்லாமல் இயங்கும், அதனால் எந்தக் காணி மக்களிடம் திரும்பும், ஆள் இருக்கும் வானொலி இருக்கையில் தமிழறிந்தவர் ஒருவர் எந்நேரமும் இருப்பாரா என்ற மூன்றையும் ஒரே திட்டத்துக்குள் வைத்து, அந்த ஆண்டு வருமுன் பகிரங்கமாகப் பேச வேண்டும். கருவிகளின் விலைப்பட்டியலோடு நின்றுவிடும் எந்தத் திட்டமும் தீவகக் கடலுக்குப் பாதித் திட்டமே.